சத்தம் தொந்தரவாக இல்லையா? அப்படியென்றால் செவியைச் சோதியுங்கள்
(சமூக மன்றத்தில் மூத்தோருக்கு ஆற்றிய உரை)

பின்வரிசையில் இருப்பவர்களுக்கு என் குரல் கேட்கிறதா? கேட்காவிட்டால் கூச்சப்படாமல் முன்னால் வந்து உட்காருங்கள்.

வீட்டுக்கு அருகே கட்டுமானம் நடந்தால் எவ்வளவு சத்தம் எழலாம் என்பதற்குச் சிங்கப்பூரில் சட்டம் உண்டு. வீடுகளிலிருந்து 150 மீட்டருக்குள் இருக்கும் கட்டுமானத் தளத்துக்கு, காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரை சராசரி 75 டெசிபல். இரவு 10 மணி வரை 65. பிறகு விடியும்வரை 55. ஞாயிற்றுக்கிழமையிலும் பொது விடுமுறையிலும் பொதுவாக வேலையே கூடாது.

அந்த 75 என்பது 12 மணி நேரச் சராசரி. பகலில் 5 நிமிடச் சராசரி 90 வரை போகலாம். அதனால்தான் நீங்கள் “காது கிழிகிறது” என்கிறீர்கள், அளந்தவரோ “வரம்புக்குள்தான்” என்கிறார். இருவர் சொல்வதும் உண்மை. புகார் கொடுப்பதாக இருந்தால் நாள், நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் புதுப்பிப்பு வேறு கணக்கு. வீவக வீடுகளில் சுவர் உடைப்பதற்கு வாரநாட்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரைதான் அனுமதி.

சட்ட வரம்பும் உடல்நல வரம்பும் ஒன்றல்ல. இரவில் வீட்டுக்கு வெளியே சாலைப் போக்குவரத்துச் சத்தம் 45 டெசிபலுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2018இல் பரிந்துரைத்தது. தூக்கம் கெடுவதுதான் காரணம். சட்டமோ, வேலையும் நடக்க வேண்டும், நாமும் தூங்க வேண்டும் என்று இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

கப்பல் பட்டறையில் பல ஆண்டுகள் உழைத்த ஓர் ஐயா என்னிடம் வந்தார். “மேல்மாடிச் சத்தம் எனக்கு ஒன்றுமே செய்யவில்லை, வீட்டுக்காரிதான் புலம்புகிறாள்” என்றார். எனக்கு அதுதான் கவலையாக இருந்தது. வேலையிடத்தில் 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம்தான் இருக்கலாம். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி. அந்தக் காலத்தில் காதடைப்பான் யார் போட்டார்கள்? உட்செவியின் நுண்ணிய மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. முதலில் போவது கீச்சென்ற ஒலிகள். பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது புரியாது. பேத்தி முணுமுணுக்கிறாள் என்று அவள்மேல் பழி போடுவோம்.

வீட்டில் ரிமோட்டைப் பேரப்பிள்ளையிடம் கொடுங்கள். அவர் வைக்கும் சத்தம் உங்களுக்குப் போதவில்லையா? பலதுறை மருந்தகத்தில் சொல்லிச் செவிப் பரிசோதனை கேளுங்கள். சில வேளை குறும்பி அடைத்திருக்கும், அதை எடுத்தாலே போதும். ஆனால் நீங்களே பட்ஸ் விட்டுக் குடையாதீர்கள், அது குறும்பியை இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

அந்த ஐயாவுக்கு இப்போது இரு காதிலும் கருவி. மேல்மாடிச் சத்தம் பற்றி இப்போது அவரும் புலம்புகிறார்.