மின் சிகரெட்டும் மாணவரும்: ஆலோசகரின் பணி

மின் சிகரெட்டைத் தடை செய்யும் அவசரச் சட்டம் 2019 செப்டம்பர் 18 அன்று பிறப்பிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் அதனை நிலையான சட்டமாக்கியது. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் ஆகிய அனைத்தும் குற்றங்களாயின. முதன்முறை குற்றம் புரிவோருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஆயினும், பயன்படுத்துவோருக்கு எனத் தனித் தண்டனை எதனையும் இச்சட்டம் வகுக்கவில்லை. மருத்துவரும் ஆசிரியரும் பள்ளி ஆலோசகரும் தம் பணியைத் தொடங்க வேண்டிய இடம் இதுவே. விற்பவர் குற்றவாளி, பழக்கத்துக்கு ஆட்பட்ட மாணவர் உதவி பெற வேண்டியவர்.

13 முதல் 15 வயது வரையுள்ள மாணவரிடையே 2019-இல் நடைபெற்ற உலக இளைஞர் புகையிலை ஆய்வின்படி, இந்தியாவில் நூற்றுக்கு 8.5 பேர் ஏதேனும் ஒருவகைப் புகையிலையைப் பயன்படுத்தி வந்தனர். மின் சிகரெட்டை ஒருமுறையேனும் பயன்படுத்தியோர் நூற்றுக்கு 2.8 பேர். விழுக்காடு சிறிதாகத் தோன்றினும், நாட்டின் மாணவர் தொகையோடு சேர்த்து நோக்கினால் அது சிறிதன்று. மேலும், பேனாவைப் போன்ற உருவமும் பழவாசனையும் கொண்ட இக்கருவியைப் பெற்றோர் எளிதில் அடையாளம் காண்பதில்லை.

கருவியினுள் உள்ள திரவத்தை மின்கலம் சூடாக்க, அது ஆவியாகிறது. இதனை வெறும் நீராவி என்று மாணவர் பலர் நம்புகின்றனர். இது தவறான நம்பிக்கை. பெரும்பாலான திரவங்களில் நிக்கோடின் உண்டு. மூளை வளர்ச்சி இருபத்தைந்து வயதை ஒட்டியே முழுமை பெறுவதால், இளம் வயதில் நிக்கோடினுக்கு அடிமையாதல் எளிது. கவனமும் கற்கும் திறனும் பாதிக்கப்படக்கூடும்.

ஆகவே முதற்பணி, சரியாகக் கேட்பதாகும். "புகை பிடிப்பதுண்டா?" என்று மட்டும் கேட்டால், மின் சிகரெட்டு பயன்படுத்தும் மாணவர் "இல்லை" என்றே கூறுவார், தாம் செய்வதைப் புகைத்தல் என அவர் கருதுவதில்லை. "வேப்" முதலாக மாணவரிடையே வழங்கும் பெயர்களைச் சொல்லியே கேட்க வேண்டும். பெற்றோர் உடனில்லாத சில நிமிடங்கள் இதற்குத் தேவை. சொல்வதில் எது இரகசியமாகக் காக்கப்படும், உயிருக்கு ஆபத்து போன்ற எந்நிலையில் பிறருக்குத் தெரிவிக்கப்படும் என்பதை முன்கூட்டியே விளக்கிவிடுதல் முறை.

இரண்டாவது பணி, அறிவுரைக்கு முன் காரணத்தை அறிவது. நண்பரின் வற்புறுத்தல், தேர்வு அச்சம், மனச்சோர்வு, வெறும் ஆவல் எனக் காரணங்கள் பல. காலையில் எழுந்தவுடன் நாட்டம் எழுகிறதா, வகுப்பு நேரத்தில் கருவியின்றி இருக்க முடிகிறதா என்னும் கேள்விகள் அடிமைத்தனத்தின் அளவைக் காட்டும். விட்டுவிட விரும்புவதற்கான காரணத்தை மாணவரே தம் வாயால் கூறுமாறு செய்தல், அச்சுறுத்துவதைவிடப் பயன் தரும்.

மூன்றாவது பணி, நாள் குறித்துத் திட்டமிடுவது. நிறுத்திய முதல் சில நாட்களில் எரிச்சலும் தூக்கக் குறைவும் மிகும். சில வாரங்களில் அவை தணியும். இதனை முன்பே அறிந்த மாணவர் மனந்தளர மாட்டார். ஒரு வாரத்துக்குள் மீண்டும் சந்திப்பது நலம். இடையில் ஒருமுறை தவறினால் அதனைத் தோல்வி எனக் கொள்ளாது, தவறிய சூழலை ஆராய வேண்டும். நிக்கோடின் மாற்று மருந்து தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். கடையில் வாங்கித் தாமாகக் கொடுத்தல் கூடாது. 1800-11-2356 என்னும் தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

பள்ளி நிர்வாகத்தின் பங்கும் இதில் அடங்கும். பிடிபட்ட மாணவரைப் பள்ளியிலிருந்து நீக்கினால், அவர் ஆசிரியரின் பார்வையினின்று விலகி, விற்பவரின் பார்வையில் விழுகிறார். ஏனைய மாணவரும் உண்மையை மறைக்கக் கற்றுக்கொள்வர். கருவியைக் கைப்பற்றுவதோடு மாணவரை ஆலோசகரிடம் அனுப்புவதும், பெற்றோரைக் கண்டிக்காது துணைக்கு அழைப்பதும், கருவி எங்கிருந்து வந்தது என்னும் தகவலைக் காவல் துறைக்குத் தெரிவிப்பதுமே முறையான நடவடிக்கை. சட்டத்தின் கடுமை விற்பனையாளர்மீதும், ஆலோசகரின் பொறுமை மாணவர்மீதும் செல்லுமாயின், தடைச் சட்டத்தின் நோக்கம் நிறைவேறும்.