பழைய பிரெஞ்சு படித்தால் வேலை கிடைக்குமா?

உட்லண்ட்ஸ் வீவக வீடொன்றில், பள்ளியில் பிரெஞ்சை மூன்றாம் மொழியாகப் படிக்கும் மகள், “பல்கலைக்கழகத்தில் இடைக்காலப் பிரெஞ்சு இலக்கியம் படிக்கப் போகிறேன்” என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். “வேலை கிடைக்குமா?” என்றுதான் அப்பா முதலில் கேட்பார். கேட்பதில் தவறில்லை. அத்துறையில் பேராசிரியர் பதவிகள் மிகக் குறைவு. ஆனால் அந்த வேலை என்ன வேலை என்பதையும் தெரிந்துகொண்டு கேட்பது நல்லது.

ஜோசப் பெதியே 1864இல் பாரிசில் பிறந்தவர். வளர்ந்ததோ இந்தியப் பெருங்கடலிலுள்ள ரெயூனியன் தீவில். புதுச்சேரி, காரைக்காலில் கப்பலேறிய தமிழர்கள் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்த தீவு அது. (பெதியே வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளை, தோட்டத்து வெயில் அவருக்கு இல்லை.)

பாரிசில் அவருடைய ஆசிரியர் காஸ்தோன் பாரிஸ், இத்துறையின் பெரும்புள்ளி. இடைக்காலப் பிரான்சில் ‘ஃபாப்லியோ’ என்ற செய்யுள் வடிவச் சிரிப்புக் கதைகள் வழங்கின. அவை இந்தியாவிலிருந்து வந்தவை என்று அவர் கருதினார். 1859இல் பஞ்சதந்திரத்தை மொழிபெயர்த்த ஜெர்மானிய அறிஞர் பென்ஃபை வளர்த்த கொள்கை அது. பஞ்சதந்திரம் பாரசீகம், அரபு, லத்தீன் வழியாக ஐரோப்பா சென்றது உண்மைதான். கேட்க நமக்கும் இனிக்கிறது.

1893இல் வெளியிட்ட ஆய்வேட்டில் பெதியே தம் ஆசிரியரின் கொள்கையை மறுத்தார். ஏறத்தாழ 150 கதைகளை ஆராய்ந்தார். மிகச் சிலவற்றைத் தவிர மற்றவற்றுக்கு இந்திய இணையே அகப்படவில்லை. ஏமாந்த கணவனும் பேராசைப் பாதிரியாரும் எந்த ஊரிலும் இருப்பவர்கள். இரண்டு ஊர்க் கதைகள் ஒத்திருப்பதாலேயே ஒன்று மற்றொன்றின் பிள்ளை ஆகிவிடாது என்றார்.

ஆசிரியரை மறுத்த மாணவருக்கு என்ன ஆயிற்று? 1903இல் காஸ்தோன் பாரிஸ் மறைந்தபோது, கொலேஜ் த பிரான்சில் அவர் வகித்த இடம் பெதியேவுக்கே கிடைத்தது. 1920இல் பிரெஞ்சு அகாதமி அவரைத் தேர்ந்தெடுத்தது. அதற்கு முன்பே, 1900இல், சிதறிக் கிடந்த பழைய செய்யுட்களைக் கொண்டு திரிஸ்தான், இஸொல்த் காதல் கதையைச் சாதாரண வாசகருக்கும் புரியும் உரைநடையில் எழுதியிருந்தார். ஏட்டுப் புலவர் எழுதியதை மக்கள் வாங்கிப் படித்தார்கள்!

“எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்” என்று மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். எந்த ஏட்டில், எந்த நூற்றாண்டில் என்று கேட்டால் பலருக்கு முகம் சுளிக்கும். பெதியே கேட்டது அதைத்தான்.

உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் தேடும் பெற்றோருக்குப் பரமார்த்த குருவைத் தெரியும். ஆற்றைக் கடந்த சீடன் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவனை ஆறு கொண்டுபோய்விட்டதாக அழுவான். இங்கிலாந்தின் கோத்தம் ஊர்க்காரர்களும் மீன்பிடிக்கப் போய் இப்படியே எண்ணி அழுகிறார்கள். தமிழில் எழுதிய வீரமாமுனிவரோ இத்தாலியர். இந்தக் கதை எந்தத் திசையில் பயணம் செய்தது என்று தேட, பழந்தமிழோடு லத்தீனும் பழைய பிரெஞ்சும் படித்த ஒருவர் வேண்டும்.