கன்சல்டன்ட்டைத் தேடுறதுக்கு முன்னாடி

"அப்பாவோட பிசினஸ் தள்ளாடுது. வெளியில இருந்து ஒரு கன்சல்டன்ட்டைக் கூட்டிட்டு வரலாமா? யாரைக் கூட்டிட்டு வர்றது?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இந்த விஷயத்துல நான் நல்லா அடி வாங்கினவன். அந்தக் கதையையே சொல்லிடறேன்.

எங்க அப்பா திருப்பூர்ல சின்னதா ஒரு தையல் யூனிட் வச்சிருக்கார். 22 மெஷின். சின்னச் சின்ன பிராண்டுகளுக்கு டி-ஷர்ட் தைச்சுக் கொடுக்கிற வேலை. அங்க சனிக்கிழமை ஆனா வாரச் சம்பளம் கொடுத்தாகணும். வெள்ளிக்கிழமை ராத்திரி அப்பா யார்கிட்டயாவது கைமாத்து கேட்டு போன் பண்ணிட்டிருப்பார். சென்னையில இருந்த நான், "ஆர்டர் பத்தலை"ன்னு நானே முடிவு பண்ணி, ஒரு மார்க்கெட்டிங் கன்சல்டன்ட்டைக் கூட்டிட்டுப் போனேன்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். சொன்ன வேலையைச் செஞ்சார், ஆர்டர் கூடுச்சு. நிலைமை இன்னும் மோசமாச்சு! துணிக்கும் கூலிக்கும் இன்னைக்கே காசு வேணும். பையர்கிட்ட இருந்து பணம் வர நாலு மாசம் ஆகும். ஆர்டர் கூடக் கூட அப்பாவோட வட்டிக்கடனும் கூடுச்சு. என்ன நோய்னு தெரியாமலே டாக்டரைப் பிடிச்சது என் தப்பு.

அப்புறம் எங்க மாமா, பேங்க்ல சிறுதொழில் கடன் பிரிவுல இருந்து ரிட்டயர் ஆன ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தார். அவர் யோசனை எதுவும் சொல்லலை. மூணு விஷயம் கேட்டார்: ஒரு வருஷ பேங்க் ஸ்டேட்மென்ட், யார் எத்தனை நாளா பாக்கி, ஒரு டி-ஷர்ட்டுக்கு நிஜமா ஆகுற செலவு. பாக்கி நோட்டை வெளி ஆள் கையில கொடுக்க அப்பாவுக்கு ஒரு வாரம் ஆச்சு. முப்பது வருஷ மானம் அதுல இருக்குன்னு அவருக்கு.

நோட்டு தெளிவா சொல்லுச்சு. பாக்கியில முக்கால்வாசி ரெண்டே பையர்கிட்ட. அதுல ஒருத்தருக்குத் தைக்கிற ஒவ்வொரு பீஸும் நஷ்டம்.

2006-ஆம் வருஷச் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாள்ல பணம் கொடுத்தாகணும். தாண்டினா கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டுல இருந்து, அப்படி இழுத்தடிச்ச தொகையை, பணம் கொடுக்கிற வருஷத்துலதான் பையர் தன்னோட வரிக்கணக்குல செலவா காட்ட முடியும். அப்பா உத்யம் பதிவுகூட பண்ணாம இருந்தார். முதல்ல அதை முடிக்க வச்சார் அந்த சார். புது பில்களுக்கு நோட்டீஸ் அனுப்பலாமான்னு நான் துள்ளினேன். "பையரை இழந்துடுவீங்க தம்பி. அவரோட ஆடிட்டருக்கு இந்த விதி தெரியும். அவர்கிட்ட பேசுங்க"ன்னார். பேசினோம். பணம் வர ஆரம்பிச்சுது.

இப்ப யாராவது கேட்டா நான் சொல்றது இதுதான். பிரச்சினை விற்பனையா, செலவா, பணம் வந்து சேர்ற நாளான்னு முதல்ல கணக்கைப் பாருங்க. அப்புறம் அந்த நோய்க்கான ஆளைத் தேடுங்க. முதல் சந்திப்புலயே தீர்வு சொல்றவரை விட, கணக்கு கேட்கிறவரை நம்புங்க. முழு ஒப்பந்தம் போடாம, ரெண்டு வாரத்துக்கு பிரச்சினையைக் கண்டுபிடிக்க மட்டும் ஒரு ஃபீஸ் பேசுங்க. "லோன் வாங்கித் தர்றேன், கமிஷன் முன்னாடியே கொடுங்க"ன்னா எழுந்து வந்துடுங்க. அவர் வேலை செஞ்சும் தேறாத கம்பெனி ஒண்ணைப் பத்திக் கேளுங்க. அதை மறைக்காம சொல்றவர் உங்ககிட்டயும் உண்மையைச் சொல்வார்.

எங்க யூனிட்ல இப்ப 14 மெஷின்தான். நஷ்ட பையரை விட்டாச்சு. கடன் இன்னும் இருக்கு. ஆனா வெள்ளிக்கிழமை ராத்திரி அப்பா சீக்கிரமே தூங்கிடறார்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.