சுமை இறங்கிய பின்னும் தொடரும் வழி: இரட்சணிய யாத்திரிகம்

அண்ணாமலையை வலம்வரும் 14 கிலோமீட்டர் பாதையில், பெரிய கோயிலுக்கு மலையின் மறுபுறம் அமைந்த அடி அண்ணாமலை, நடப்பதையே வழிபாடாகக் கண்ட ஊர். மாணிக்கவாசகர் திருவெம்பாவையை அருளிய இடம் என்று மரபு அதனைப் போற்றுவதால், நடையும் பாட்டும் கூடிய ஊர் என்றும் அதனைச் சொல்லலாம். கால் நடக்க, நா பாட, உள்ளம் கசிய இறைவனை நோக்கிச் செல்வது தமிழ் நெஞ்சத்துக்குப் பழகிய செயல். அந்தப் பழக்கத்தின் மீது காலூன்றி, கிறித்தவ சமயத்தின் உயிர்நிலையான மீட்புக் கோட்பாட்டைத் தமிழில் பாடிய பெருங்காப்பியம் ஒன்று உண்டு; எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை இயற்றி 1894ஆம் ஆண்டு நூலாக வெளிவந்த இரட்சணிய யாத்திரிகமே அது. அக்கோட்பாடு இன்னதென்பதையும், அதனைக் கதையாக்கிய கவிக்கலையின் திறம் எத்தகையது என்பதையும் எடைபோட்டுப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

நூற்பெயரின் முதற்சொல்லே விளக்கம் வேண்டுவது. இரட்சணியம், இரட்சிப்பு என்னும் சொற்கள் காத்தல் என்னும் பொருளுடைய வடமொழி அடியிலிருந்து வந்தவை. தமிழ்ப் புரோட்டஸ்டண்டு திருச்சபைகளில் இன்றளவும் வழங்குபவை. இதே கருத்துக்கு, 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் மீட்பு என்னும் தமிழ்ச் சொல்லை ஆள்கிறது. காத்தல் என்பது இடர் வராமல் தடுப்பதையும் குறிக்கும்; மீட்டல் என்பதோ, கைவிட்டுப் போன ஒன்றை விலை கொடுத்தோ உயிர் கொடுத்தோ திரும்பப் பெறுவது. அடகு வைத்த நகையை மீட்கிறோம் என்று வீட்டில் சொல்லும்போதும், பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்டவன் என்று கரந்தைத் திணை பாடும்போதும் இப்பொருளே நிற்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் கிடைத்த பழைய நடுகற்களில் பல, அவ்வாறு ஆநிரை மீட்கப் போய் மாண்டவர்க்கு ஊரார் எடுத்தவை. பிறர் உடைமையை மீட்கத் தன் உயிரைக் கொடுத்தவன் வணங்கத்தக்கவன் என்னும் உணர்வு இம்மண்ணில் கல்லிலேயே எழுதப்பட்டிருப்பதால், சிலுவையில் ஒருவர் மாண்டது பலர்க்கு வாழ்வாயிற்று என்னும் கிறித்தவச் செய்தி இங்குள்ளோர் செவிக்கு முற்றிலும் அயலாக ஒலித்திருக்க வேண்டியதில்லை.

அச்செய்தியின் அடிப்படை சுருக்கமானது. மனிதன் இறைவனோடு உறவு கொள்ளவே படைக்கப்பட்டான். அவ்வுறவு அறுந்த நிலையே பாவம் எனப்படுகிறது. தனித்தனிக் குற்றங்கள் அந்த முறிவிலிருந்து பிறப்பவை ஆதலின், குற்றங்களைக் குறைத்துக் கொள்வதால் மட்டும் முறிவு சீராவதில்லை. சீராக்கும் ஆற்றல் மனிதனிடம் இல்லாத நிலையில், இறைவனே மனித உருவேற்று இயேசுவாக வந்து, சிலுவையில் மாண்டு, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்து அதனைச் சீராக்கினார் என்று கிறித்தவர் நம்புகின்றனர். தகுதி நோக்காது அளிக்கப்படும் இக்கொடைக்குக் கிருபை என்றும், அதனை ஏற்று, கொடுத்தவரையே சார்ந்து நிற்பதற்கு விசுவாசம் என்றும், பழைய போக்கை விட்டுத் திரும்புவதற்கு மனந்திரும்புதல் என்றும் பெயர். விசுவாசம் என்பதை ஒரு கொள்கைக்குத் தலையசைப்பதாகக் கொள்வது பிழை. ஆழம் தெரியாத ஆற்றில் ஒருவர் கையைப் பற்றிக்கொண்டு இறங்குவதற்கு ஒப்பான சார்பே அச்சொல்லின் பொருள்.

இவற்றுக்கெல்லாம் சான்றாகவும் அளவுகோலாகவும் அமைவது விவிலியம் எனப்படும் வேதாகமம். புரோட்டஸ்டண்டு மரபில் 66 நூல்களும் கத்தோலிக்க மரபில் 73 நூல்களும் அடங்கிய தொகுதி அது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அங்கேயே அச்சேறி முடிந்தது. அதன்பின் ஃபப்ரீசியுஸ், பவர் முதலியோர் காலந்தோறும் அதனைத் திருத்தியும் புதுக்கியும் வந்தனர். திருவண்ணாமலையில் இன்றும் தன் பெயரால் பள்ளி விளங்கும் டேனிஷ் மிஷனைச் சேர்ந்தவராக இந்தியா வந்த லார்சன் என்பவரே, 1920களில் தமிழ் விவிலியத் திருத்தப் பணியை முன்னின்று நடத்தியவர். வேதத்தை, கற்றவர் சிலர் கையில் மட்டுமன்றி, எழுத்தறிந்த எவர் கையிலும் தருதல் வேண்டும் என்னும் வேட்கையே இத்தலைமுறைகள் அனைத்தையும் இயக்கியது. ஆயினும் நூலைக் கையில் தருவது ஒன்று, அந்நூலின்படி நடப்பது எப்படி என்று காட்டுவது மற்றொன்று. இரண்டாவதைச் செய்யக் கவிஞர் தேவைப்பட்டார்.

அக்கவிஞர் 1827இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். கம்பராமாயணம் ஓதும் வீட்டில் வளர்ந்தவர். சாயர்புரத்தில் கிறித்தவப் பள்ளியொன்றில் தமிழாசிரியராகச் சேர்ந்து, நீண்ட உள்ளப் போராட்டத்திற்குப் பின் 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர். அவர் எடுத்துக்கொண்ட மூலம், ஆங்கிலேயரான ஜான் பனியன் எழுதி 1678இல் வெளியான பில்கிரிம்ஸ் புரோகிரஸ் என்னும் உரைநடைக் கதை. பாத்திரம் பழுதுபார்க்கும் தொழிலாளியாக வாழ்ந்து, அரசு இசைவின்றிச் சமய உரை நிகழ்த்தியதற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கிடந்த எளியவர் பனியன். அவருடைய எளிய உரைநடையைக் கிருஷ்ண பிள்ளை கம்பனின் விருத்தப் பாவில் வார்த்தெடுத்தார். நற்போதகம் என்னும் மாத இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்த அப்பாடல்கள், ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என்னும் ஐந்து பருவங்களில் 3766 செய்யுட்களாக நிறைவுற்றன.

கதையின் எலும்புக்கூடு எவர்க்கும் விளங்கும். அழியப்போகும் நகரத்தில் வாழும் ஒருவன், கையில் ஒரு நூலும் முதுகில் ஒரு சுமையுமாக நின்று அழுகிறான். நூல் விவிலியம், சுமை பாவ உணர்வு. நூலைப் படிக்கப் படிக்கச் சுமை கனக்கிறது என்பதே கதையின் முதல் நுட்பம், ஏனெனில் வேதம் முதலில் செய்வது ஆறுதல் கூறுவதன்று, நோயைக் கண்டு சொல்வதே ஆகும். வழிகாட்டி ஒருவர் இடுக்கமான வாயிலைச் சுட்டிக்காட்ட, அவன் ஓடத் தொடங்குகிறான், சேற்றில் விழுகிறான், உலக ஞானி ஒருவன் பேச்சைக் கேட்டு, நன்னடத்தையாலேயே சுமையை இறக்கிவிடலாம் என்று நியாயப்பிரமாணம் எனப்படும் வேதச் சட்டத்தின் மலையடிக்குப் போய், மலை தன்மேல் சரிந்து விழுமோ என்று நடுங்கித் திரும்புகிறான். கடைசியில் வாயிலைக் கடந்து சிலுவையின்முன் வந்து நின்றதும், அவன் கை வைக்காமலேயே சுமை தானாக அவிழ்ந்து உருண்டு ஒரு கல்லறைக்குள் மறைகிறது.

இந்நிகழ்ச்சி கதையின் எவ்விடத்தில் வருகிறது என்பதே இக்காப்பியத்தை மதிப்பிடுவோர் ஊன்றி நோக்கத்தக்கது. யாத்திரைக் கதைகளில் பலனைப் பயண முடிவில் வைப்பதே இயல்பு. நடந்து தீர்த்தவனுக்கே தரிசனம் என்பது உலக வழக்கு. இங்கோ சுமை வழியின் தொடக்கப் பகுதியிலேயே இறங்கிவிடுகிறது. அதன் பின்னரே செங்குத்தான குன்றும், போரிட வேண்டிய பள்ளத்தாக்கும், மாயச் சந்தையும், ஐயக் கோட்டையும், கடைசி ஆறும் வருகின்றன. சுமை இறங்கிய கணத்தை நீதிமானாக்கப்படுதல் என்று இறையியலார் கூறுவர். அதாவது குற்றமுடையவன் கிறிஸ்துவின் பொருட்டுக் குற்றமற்றவனாக ஏற்கப்படுதல். அதன்பின் நீளும் நடையைப் பரிசுத்தமாகுதல் என்பர். அதாவது ஏற்கப்பட்டவன் அதற்கேற்ற வாழ்வில் நாள்தோறும் வளர்தல். நடந்ததனால் சுமை இறங்கியது என்றால் நடை கூலிக்குச் செய்யும் வேலையாகிவிடும். சுமை இறங்கியதனால் நடக்கிறான் என்னும்போது நடை நன்றியாகிறது. கிறித்தவ மீட்புக் கோட்பாட்டின் மையம் இந்த வரிசையில் அடங்கியிருக்கிறது. நூற்றுக்கணக்கான பக்கங்களில் வாதிட்டு நிறுவ வேண்டிய உண்மையை ஒரு கதையின் நிகழ்ச்சி வரிசையே சொல்லிவிடுவது கலையின் வெற்றி.

மீட்பு அருளால் வருவதா முயற்சியால் வருவதா என்னும் வினா, வைணவச் சூழலில் வளர்ந்த கவிஞர்க்குப் புதியதன்று. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி போல உயிர் இறைவனைப் பற்ற வேண்டுமா, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி போலச் செயலற்றிருக்க இறைவனே பற்றிக்கொள்வானா என்று வடகலையாரும் தென்கலையாரும் நெடுங்காலம் வழக்காடியதைத் தமிழ்நாடு அறியும். அருளும் முயற்சியும் எவ்வாறு பொருந்துகின்றன என்பது எல்லாப் பத்தி நெறிகளையும் வாட்டிய வினா. சமயங்களின் விடைகள் ஒன்றல்ல. கிறித்தவம் தன் விடையை வரலாற்றில் ஒருநாள் நிகழ்ந்த ஒரு மரணத்தின்மேல் நிறுத்துகிறது என்னும் வேறுபாட்டை மறைத்தல் எந்நெறிக்கும் நேர்மை செய்வதாகாது. ஆனால் வினாவின் கனத்தை முன்பே உணர்ந்த சமுதாயத்திற்கு விடையின் அருமையும் விளங்கும் என்பதனால், சரணாகதி பேசிய மரபின் மொழியே கிருஷ்ண பிள்ளையின் கையில் கிருபையைப் பேசும் மொழியாயிற்று.

மூலத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்ததில் அவருடைய கவியுள்ளம் மிகத் தெளிவாக வெளிப்படுகிறது. பனியன் தம் வாசகர் இயேசுவின் பாடுகளை முன்பே அறிவர் என்று கொண்டு, சிலுவையை ஓர் அடையாளமாக மட்டும் நிறுத்திக் கதையைத் தொடர்ந்தார். தமிழ்க் கவிஞரோ குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலத்தை அமைத்து, இயேசு பிடிபட்டது, விசாரிக்கப்பட்டது, பரிகசிக்கப்பட்டது, அறையப்பட்டது ஆகியவற்றை நற்செய்தி நூல்களின் வழிநின்று விரித்துப் பாடினார். சுமை ஏன் இறங்கியது என்பதை அறியாதவர்க்குச் சுமை இறங்கிய காட்சி வெறும் வியப்பாகவே நிற்கும். எவ்வளவு விலை கொடுத்து மீட்கப்பட்டோம் என்று கேட்டறிந்தவர்க்கே அது கண்ணீராகும். தழுவல் என்பதற்காக மூலத்தின் பின்னால் நடந்துகொண்டே இராமல், கேட்போரின் தேவையறிந்து இடையில் நின்று இதயத்தைத் திறந்து காட்டிய இச்செயலே அவரை மொழிபெயர்ப்பாளர் நிலையிலிருந்து காப்பியக் கவிஞராக உயர்த்துகிறது. கதையின் இடையிடையே அவர் தேவாரம் என்னும் பெயரால் அமைத்த இசைப்பாடல்களும் அத்தகையனவே. கதை கேட்பவர் அவ்விடங்களில் வழிபடுபவராக மாறிவிடுகிறார்.

வேதத்தின்படி நடத்தல் என்பதற்கும் இக்கதை தெளிவான விளக்கம் தருகிறது. பனியனின் பயணி சிலுவையடியில் பெற்ற முத்திரைச் சுருளைக் குன்றேறும் வழியில் உறங்கித் தொலைத்துவிட்டு, ஏறிய வழியே அழுதுகொண்டு திரும்பிப்போய்த் தேடி எடுக்கிறான். பின்னொருகால் குறுக்குவழி தேடி அவநம்பிக்கை என்னும் அரக்கனின் கோட்டையில் சிறைப்பட்டு, நாட்கணக்கில் அடிபட்டுச் சாவே மேல் என்று சோர்ந்திருக்கையில், வாக்குறுதி என்னும் திறவுகோல் அத்தனை நாளும் தன் மார்பிலேயே இருந்ததை நினைவுகூர்ந்து கதவைத் திறக்கிறான். வேதம் சட்டப் புத்தகமாகவோ மந்திரத் தகடாகவோ இன்றி, வழியில் தேவைப்படும் வேளையில் நினைவுக்கு வரும்படி உள்ளத்தில் சுமக்கப்பட வேண்டியது என்பதே இக்காட்சியின் கருத்து. நாள்தோறும் வேதம் வாசித்தல் என்று தமிழ்க் கிறித்தவ இல்லங்களில் நிலைபெற்ற வழக்கத்தின் பயனும் இதுவே: வேண்டும் வேளையில் திறவுகோல் மார்பில் இருக்க வேண்டுமானால், முன்னமே அதனை அங்கே வைத்திருத்தல் வேண்டும்.

நூலின் குறையையும் சொல்லாமல் விடுவது முறையன்று. பனியனின் நடை உழைப்பாளியும் சிறுவரும் படித்துச் சுவைக்கும் எளிமையுடையது. கிருஷ்ண பிள்ளையின் விருத்தங்களோ வடசொற்கள் மிகுந்து, கம்பனில் தோய்ந்தவர்க்கே முழுச் சுவை தருவன. சேற்றிலும் சந்தையிலும் நடக்கும் கதைக்குக் காப்பியத்தின் பட்டாடை சில இடங்களில் நீண்டு காலைத் தடுக்கிறது. இதனால், கிறித்தவக் கம்பர் என்று புலவர் போற்றிய அவரைப் பாடநூலில் சில செய்யுட்களளவில் மட்டுமே அறிந்தவரே இன்று மிகுதி. இக்குறை நீங்க வழி, நூலைக் கண்ணால் படிப்பதினும் செவியால் கேட்பதே. விருத்தம் ஓசையில் வாழ்வது ஆதலின், குமார பருவத்தின் பாடுகளைச் சொல்லும் பகுதியை ஒருவர் சந்தம் பிரித்து வாய்விட்டுப் படிக்கப் பலர் அமர்ந்து கேட்டால், அகராதி தேடுவதற்கு முன்பே உணர்ச்சி வந்து சேர்ந்துவிடும்.

மலையை வலம்வரும் பாதை தொடங்கிய இடத்திலேயே முடிகிறது. மையம் எப்போதும் வலப்புறம் நிற்க, நடப்பவர் அதனைச் சுற்றி வருகிறார். இரட்சணிய யாத்திரிகத்தின் பாதை ஊரைவிட்டுப் புறப்பட்டால் திரும்புவதில்லை. அதன் முடிவில் பாலமில்லாத ஓர் ஆறு கிடக்கிறது, அது மரணம். முதுகில் சுமை இல்லாத அந்நிலையிலும் பயணி ஆற்றின் நடுவே அஞ்சி அமிழ்கிறான் என்பதும், நம்பிக்கை என்னும் தோழன் அவன் தலையை நீரின் மேலே தாங்கிப் பிடித்து, கால் ஊன்றும் தரை உண்டு என்று சொல்கிறான் என்பதும் இக்கதையின் உண்மைத்தன்மைக்குச் சான்று. மீட்கப்பட்டவன் அஞ்சவே மாட்டான் என்று அது பொய் சொல்லவில்லை; அஞ்சும்போதும் அவன் தனியே விடப்படுவதில்லை என்று சொல்கிறது. அந்த வாக்கைத் தமிழில் கேட்கும்படி செய்தமைக்காகக் கரையிருப்புக் கவிஞர்க்குத் தமிழ் கூறும் நல்லுலகம், எந்நெறியில் நடப்பவராயினும், கடன்பட்டிருக்கிறது.