தூரிகையில்லா மோட்டாரும் அதனைத் தாங்கும் வண்டியும்

வானொலியலையால் தொலைவிலிருந்து இயக்கப்படும் சிறு வண்டிகளை ஓட்டி மகிழ்வோருள் சிறுவரும் உளர். வேலையினின்று ஓய்வு பெற்றோரும் உளர். கல்லும் மணலும் நிறைந்த கரடுமுரடான நிலத்தில் ஓடவல்ல வண்டிகளையே இவர்கள் பெரும்பாலும் நாடுகின்றனர். சில திங்கள் ஓட்டிய பின்னர் பலர்க்கும் ஓர் ஆசை தோன்றுகிறது. வண்டியுடன் வந்த மோட்டாரைக் கழற்றிவிட்டுத் தூரிகையில்லா மோட்டார் ஒன்றைப் பொருத்த வேண்டும் என்பதே அது. ஆசை நியாயமானதே. ஆயினும் அந்த மோட்டாரைத் தாங்கும் வலிமை தம் வண்டிக்கு உண்டா என்று முதலிலே கேட்பவர் சிலரே. கேளாதவர், மோட்டாருக்குக் கொடுத்த பணத்திலும் கூடுதலான பணத்தை உடைந்த பற்சக்கரங்களுக்குக் கொடுத்துத் துன்புறுவதுண்டு.

பழைய வகை மோட்டாரிலே காந்தங்கள் வெளிக்கூட்டில் நிலையாக நிற்க, கம்பிச் சுருள்கள் நடுவே சுழல்கின்றன. சுழலும் சுருளுக்கு மின்னோட்டத்தைச் சேர்ப்பதற்காகக் காபன் தூரிகைகள் இடைவிடாது உரசிக்கொண்டிருக்க வேண்டும். உரசுவதால் வெப்பமும் தேய்வும் உண்டாகின்றன. புதிய வகையிலோ சுருள்கள் கூட்டிலே நிலைத்திருக்கின்றன, காந்தம் சுழல்கிறது. தூரிகைக்கு அங்கே வேலையில்லை. எந்தச் சுருளுக்கு எப்பொழுது மின்னோட்டம் செல்ல வேண்டும் என்பதை வேகக் கட்டுப்படுத்தி என்னும் மின்னணுக் கருவி தீர்மானிக்கிறது. ஆதலால் மோட்டாரை மாற்றுபவர் கட்டுப்படுத்தியையும் மாற்றியே ஆகவேண்டும்.

மலிவான வண்டிகள் பல இவ்விடத்திலேயே கழிந்துவிடுகின்றன. அவற்றில் அலைவாங்கியும் கட்டுப்படுத்தியும் ஒரே பலகையில் இணைந்திருக்கும். ஒன்றை விட்டு மற்றதைக் கழற்ற இயலாது. உதிரிப் பாகங்களும் கடைகளில் அரிதாகவே கிடைக்கும். அலைவாங்கி, கட்டுப்படுத்தி, சில்லுகளைத் திருப்பும் கருவி ஆகிய மூன்றும் தனித்தனியே அமைந்த வண்டியே மாற்றத்துக்கு உரியது. மோட்டார் பொருந்தும் இடத்தையும் அளந்து பார்த்தல் நன்று. பத்திலொரு பங்கு அளவுள்ள வண்டிகளில் பெரிதும் வழங்குவது, ஏறத்தாழ 36 மில்லிமீற்றர் விட்டமும், 25 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு திருகாணித் துளைகளும் உடைய மோட்டாராகும்.

வேகத்தைக் கணக்கிடுவது எளிது. மோட்டாரின் மேல் 'கேவி' என்று ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு வோல்ற்றுக்குச் சுமையின்றி நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை அது குறிக்கும். 3500 கேவி மோட்டாருக்கு 7.4 வோல்ற்று மின்கலவடுக்கைக் கொடுத்தால் 25,900 சுற்று, 11.1 வோல்ற்றுக் கொடுத்தால் 38,850 சுற்று. இந்தக் கணக்கைப் போட்டவுடன் மகிழ்ச்சி கொள்பவர், மற்றொரு கணக்கை மறந்துவிடுகின்றனர். வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். இரண்டு கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு குழந்தையின் காலில் மோதுவதை எண்ணிப் பாருங்கள்.

இனி, வண்டியில் எது முதலில் உடைகிறது? மோட்டாருக்கும் சில்லுக்கும் இடையில் உள்ள பாகங்களே. ஜப்பானியத் தமியா நிறுவனம் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட ஹோர்னெட் என்னும் வண்டியை எடுத்துக்கொள்வோம். பலருடைய இளமை நினைவுகளில் இடம்பெற்ற வண்டி அது. பின்னர் மறுபதிப்பாகவும் வந்தது. அதன் பின்னச்சும் பற்சக்கரப் பெட்டியும் மோட்டாரும் ஒரே கட்டாக மேலும் கீழும் அசைகின்றன. அக்கட்டின் எடையால் பின்புறம் துள்ளுகிறது. வேகம் கூடினால் துள்ளலும் கூடுகிறது. பற்சக்கர விகிதத்தை மாற்றுவதற்கும் இடம் மிகக் குறைவு. அழகான வண்டியே; ஆனால் பழைய மோட்டாருடன் மெதுவாக ஓட்டி மகிழ வேண்டிய வண்டி.

அமெரிக்காவின் ட்ராக்சஸ் நிறுவனம் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஸ்லாஷ் வேறு வகையைச் சேர்ந்தது. முதலில் தூரிகை மோட்டாருடன் வந்த அதனையே, பின்னர்த் தூரிகையில்லா மோட்டாருடனும் அந்நிறுவனம் விற்கத் தொடங்கியது. வாங்குபவர் தேட வேண்டிய சிறந்த அடையாளம் இதுவே. உற்பத்தியாளரே இருவகை மோட்டாருடனும் விற்கும் வண்டியாயின், வலிய பாகங்கள் முன்னரே செய்யப்பட்டு விற்பனைக்கு இருக்கும். பழையவற்றின் இடத்தில் அவை பெரும்பாலும் நேராகப் பொருந்தும். ஸ்லாஷில் வழுக்கும் கிளச்சும் உண்டு. மிகையான விசை திடீரென வரும்பொழுது அது சற்றே வழுக்கிப் பற்களைக் காக்கிறது. இக்கிளச்சு இல்லாத வண்டியை இம்மாற்றத்துக்குத் தேர்ந்தெடுக்காதிருப்பதே மேல்.

பித்தளை, பிளாஸ்டிக் வளையங்கள் இருக்குமிடத்தில் குண்டுப் போதிகைகளை இடுவது சிறு செலவு, பயனோ பெரிது. பளபளக்கும் அலுமினியக் கைகளை வாங்கிப் பொருத்துவது அத்தகையதன்று. நைலோன் கை அடிபட்டால் வளைந்து மீளும். அலுமினியம் வளைந்தபடியே நின்றுவிடும், அல்லது அடியை அடுத்த பாகத்துக்குக் கடத்திவிடும். பளபளப்புக்குக் கொடுக்கும் பணத்தை எஃகினாற் செய்த அச்சுத்தண்டுகளுக்குக் கொடுக்கலாம்.

இரு சில்லால் உந்தப்படும் வண்டியா, நான்கு சில்லாலா என்று வினவுவோர் உளர். நான்கு சில்லு வண்டி நன்றாகப் பற்றி ஓடும். உடையக்கூடிய பாகங்களும் அதில் அதிகம். முதன்முறை மாற்றம் செய்பவருக்கு இரு சில்லு வண்டியே போதும். தளர்ந்த மண்ணில் அதன் சில்லுகள் வீணே சுழல்வதைக் குறையென்று கருதவேண்டாம். அவ்வாறு சுழல்வதால் பற்கள் பிழைக்கின்றன. தார் வீதியில் அந்தச் சலுகை இல்லை. மேட்டிலிருந்து பாயும் வண்டி நிலத்தைத் தொடுமுன் விசையைத் தளர்த்தாதவர், பற்சக்கரத்தைத் தாமே முறிக்கின்றார்.

மோட்டாரின் சிறு பற்சக்கரத்தை முதலில் குறைந்த பற்களுடன் இட்டு, ஐந்து நிமிடம் ஓட்டி, மோட்டாரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். விரலை வைத்திருக்க முடியாத வெப்பமாயின் இன்னும் சிறியதை இடவேண்டும். மிகு வெப்பம் காந்தத்தின் வலிமையையே குறைத்துவிடும். இலிதியம் மின்கலவடுக்கை அதற்குரிய மின்னேற்றியால், ஆள் அருகிலிருக்கும்போதே மின்னேற்ற வேண்டும்; உப்பிய அடுக்கை மறுபடி பயன்படுத்தலாகாது. அது தீப்பற்றக்கூடும்.

முதல் ஓட்டத்துக்கு முன் வண்டியைக் கட்டை மேல் ஏற்றிச் சில்லுகள் நிலத்தில் படாதவாறு வைத்து, கைக்கருவியை முதலிலும் வண்டியைப் பின்னரும் இயக்கிப் பாருங்கள். சில்லுகள் பின்னோக்கிச் சுழன்றால், மோட்டாரின் மூன்று கம்பிகளுள் எவையேனும் இரண்டை இடம்மாற்றினாற் போதும். உணரி பொருத்திய மோட்டாரில் மட்டும் கம்பிகளை அவ்வாறு மாற்றலாகாது. சுழலும் திசையைக் கட்டுப்படுத்தியின் அமைப்பிலேயே மாற்ற வேண்டும்.