திருடன் வந்த வழி எது?



கிள்ளானில் ஒரு சேலைக் கடை என்று வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கு மூன்று வாரம். வாடிக்கையாளர் கடையின் இணையத்தளத்தைத் திறக்கிறார். சேலைகளைக் காணோம். திரை முழுக்கச் சிவப்பு. ‘இந்தத் தளம் ஆபத்தானது’ என்ற எச்சரிக்கை. அவர் காத்திருப்பாரா? அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

கடைக்காரருக்குக் கோபம் வரும். “நான் திறந்தால் தளம் நன்றாகத்தானே இருக்கிறது!” என்பார். ஊடுருவியவர்கள் தந்திரக்காரர்கள். கூகுளில் தேடி வருபவருக்கு மட்டும் தீய பக்கத்தைக் காட்டி, உரிமையாளர் கண்ணுக்கு மறைத்துவிடுவார்கள்.

கூகுளே தவறியதும் உண்டு. 2009 ஜனவரி 31ஆம் தேதி, அதன் பட்டியலில் ஒரு சாய்வுக்கோடு தவறுதலாகச் சேர்ந்துவிட்டது. ஏறக்குறைய ஒரு மணி நேரம், தேடலில் வந்த எல்லாத் தளங்களும் ஆபத்தானவை என்று காட்டப்பட்டன. ஆனால், அதை நம்பி நாம் சும்மா இருந்துவிட முடியாது.

என்ன செய்வது? முதலில் கூகுளின் ‘சர்ச் கன்சோல்’ சேவையில் தளம் உங்களுடையது என்று உறுதிப்படுத்துங்கள். கட்டணம் இல்லை. அதில் பாதுகாப்புச் சிக்கல்கள் என்ற பகுதி, என்ன கோளாறு என்று சொல்லும். பாதிக்கப்பட்ட சில பக்கங்களையும் காட்டும். அவை மாதிரிகள்தாம். அவற்றை மட்டும் அழித்தால் போதாது. அந்தப் பக்கங்களை உங்கள் கணினியில் திறந்தும் பார்க்காதீர்கள்.

அடுத்து, திருடன் வந்த வழியைத் தேடுங்கள். புதுப்பிக்காத பழைய மென்பொருளா? எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லா? உங்களுக்குத் தெரியாத நிர்வாகி யாராவது பட்டியலில் இருக்கிறாரா? வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் பின்கதவைத் திறந்தே வைத்தால், மறுநாளும் திருடன் வருவான். எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். பழைய நகலை மீண்டும் ஏற்றுவதானால், ஊடுருவலுக்கு முந்திய நகலாகப் பாருங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகே மறுஆய்வு கேளுங்கள். என்ன கோளாறு, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். சில புகார்கள் ஓரிரு நாளில் தீரும், சிலவற்றுக்கு வாரக்கணக்காகும். அவசரப்பட்டு முன்கூட்டியே கேட்டால், அடுத்த ஆய்வு மேலும் தாமதமாகலாம். ‘பணம் கொடுத்தால் இன்றே எச்சரிக்கையை எடுத்துத் தருகிறேன்’ என்பவரிடம் ஏமாறாதீர்கள். முடிவு கூகுளின் கையில். மலேசியாவில் இருப்போர் சைபர்999 உதவி மையத்திடமும் சம்பவத்தைத் தெரிவிக்கலாம்.

நம்மவர்கள் பலர் தளத்தைச் செய்துகொடுத்தவரிடமே எல்லாச் சாவிகளையும் விட்டுவைத்திருக்கிறார்கள். அவர் ஊர் மாறினாலோ தொழில் மாறினாலோ, சொந்தக் கடைக்கு வெளியே நிற்பது நாம்தான். இன்றிரவே அவரை அழைத்து இரண்டு கேள்வி கேளுங்கள். கடவுச்சொற்கள் யாரிடம் இருக்கின்றன? கடைசியாக எப்போது நகல் எடுக்கப்பட்டது?

பதில் உடனே வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். தயங்கினால், நாளைக் காலையில் முதல் வேலை அதுதான்.