விருந்து மண்டபம் சொல்லும் பாடம்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவிலே ஒரு கட்டிடத்தின் வரலாற்றைக் கூற விழைகிறோம். சென்னை அண்ணா சாலையை ஒட்டி, ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் நிற்கும் இராஜாஜி மண்டபமே அது.

கவர்னர் எட்வர்டு கிளைவ் காலத்தில், கோல்டிங்ஹாம் என்னும் வானநூலறிஞரின் திட்டப்படி 1802ஆம் ஆண்டில் அது கட்டி முடிக்கப்பட்டது. 1757இல் பிளாசியிலும், 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த சீரங்கப்பட்டணத்திலும் ஆங்கிலேயர் பெற்ற வெற்றிகளின் நினைவுச் சின்னம் அது. அன்று அதற்கு விருந்து மண்டபம் என்று பெயர். அதன் அகன்ற படிகளில் ஏற அழைப்பு வேண்டும். கல்லும் சுண்ணாம்பும் சுமந்தோர் பெயரை வரலாறு எழுதி வைக்கவில்லை.

அதே மண்டபத்தில்தான் 1938 சனவரி முதல் 1939 அக்டோபர் வரை சென்னை மாகாணச் சட்டப் பேரவை கூடியது. நம் பெருந்தலைவர் எம். சி. ராஜா அவர்கள் அப்பேரவையின் உறுப்பினர். பொதுச் சாலை, கிணறு, ஊர்தி முதலியவற்றை ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மறுப்பது குற்றம் என்னும் சட்டத்தை 1938இல் அவர் நிறைவேறச் செய்தார். அதே ஆண்டில் அவர் கொணர்ந்த ஆலயப் பிரவேச மசோதா நிறைவேறவில்லை. 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் நுழைந்த பின்னர் ஆலயப் பிரவேசத்திற்கான சட்டம் ஒன்று பிறந்தது. வென்றவர் விருந்துண்ணக் கட்டிய கூடத்தில், தோற்கடிக்கப்பட்டவர் உரிமை பேசப்பட்டது!

நாடு விடுதலை பெற்றபின் 1948இல் அது இராஜாஜி மண்டபம் ஆயிற்று. 1969இல் அறிஞர் அண்ணாவுக்கும், 1975இல் காமராசருக்கும் இறுதி வணக்கம் செலுத்த, எந்தச் சாதியென்று கேட்பாரின்றி மக்கள் அங்கே திரண்டனர்.

அத்தோட்டத்தின் பிற பகுதிகளும் மாறின. வயது வந்தோர் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்த முதல் சட்டமன்றம் 1952இல் அங்கே எழுந்த புதிய கட்டிடத்தில் கூடியது. பின்னர் அது பாலர் அரங்கமாகி, கலைவாணர் அரங்கமாயிற்று. 2010இல் அத்தோட்டத்தில் புதிய தலைமைச் செயலகம் திறக்கப்பட்டது. 2014இல் அதுவே அரசு பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாயிற்று.

இளைஞர்களே, ஒரு கட்டிடம் எதற்காக எழுப்பப்பட்டது என்பதோடு அதன் வரலாறு முடிந்து விடுவதில்லை. உள்ளே யார் அமர்கிறார், என்ன பேசுகிறார் என்பதே அதன் பொருளை மாற்றுகிறது. ஆயினும் உள்ளே அமர்ந்தது மட்டும் போதவில்லை. பொது இடங்கள் நமக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1924இலேயே சட்டமன்றத்தில் கொணர்ந்தார். பதினான்கு ஆண்டுகள் கழித்தும் தனிச் சட்டம் தேவைப்பட்டது. அச்சட்டத்திற்குப் பின்னும் எத்தனை ஊர்களில் கிணறு மூடிக் கிடந்தது! மண்டபத்தில் இயற்றிய சட்டம் ஊர்க் கிணற்றடிக்கு வந்து சேர வேண்டுமானால், அதைப் படித்து எடுத்துச் சொல்லவும், மனு எழுதவும், அதிகாரி முன் அஞ்சாது நிற்கவும் வல்லவர் ஊரிலே வேண்டும். அவர்களை உருவாக்கவே இச்சங்கம் தோன்றியது.

இப்போது நம் சங்கக் கட்டிடத்தை முழுவதும் திருமணக் கூடமாக வாடகைக்கு விடலாம் என்று சிலர் கூறுகின்றனர். வருவாய் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் மாலை நேரப் படிப்பகம் ஒரு நாளும் மூடப்படாதவாறு விதி வகுத்த பின்னரே அதைப் பற்றிப் பேசுவோம். விருந்து மண்டபம் உரிமை மன்றமானது நம் முன்னோர் காலத்தில். நம் காலத்தில் படிப்பகம் விருந்து மண்டபமாகிவிட்டது என்னும் பழி நமக்கு வேண்டாம்.